ஜிகினாத் தாள்

சனிக்கிழமைதோறும் பகுதி நூலகத்தில் குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பவள் தமயந்தி. அன்று துணித்துண்டுகளைத் தாளில் ஒட்டி அம்மாவைச் செய்யச் சொல்லியிருந்தாள். ஆறு வயது இதழினி பச்சைத் துணியில் சேலையும் கறுப்பு நூலில் கொண்டையும் ஒட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

"மிஸ், கை மட்டும் பாக்கி. வளையலுக்கு ஜிகினாத் தாள் வேணும்."

"தீந்துபோச்சுடா கண்ணு. அடுத்த வாரம் வாங்கிட்டு வரேன். கையை அப்ப ஒட்டிக்கலாம்."

மணியடித்ததும் தமயந்தி வழக்கம்போல் படங்களை அள்ளி, அவற்றைப் படிக்கும் எந்திர மேசைமீது வைத்தாள். இதழினியுடையதைத் தனியே எடுத்துவைக்க மறந்துபோனாள். எந்த வீட்டில் குழந்தைக்கு ஆபத்து என்று படங்களைப் படித்துக் குழந்தைகள் காப்பகத்துக்குச் சொல்வது அந்த மேசையின் வேலை. கையில்லாத அம்மாவை, அணைக்காத அம்மா என்று அது படித்தது. மறுநாளே காப்பக வண்டி வந்து இதழினியை ஏற்றிக்கொண்டு போனது.

தமயந்தி காப்பகத்துக்கு ஓடி, தப்பு தன்னுடையது என்று அழுதாள்.

"மேசை தப்பாப் படிக்காதும்மா," என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை இதழினியின் அம்மா வந்து, மகளுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எம்பொண்ணு என்னை எப்படிச் செஞ்சிருந்தா மிஸ்?"

கேட்கும்போது அவள் வளையல்கள் குலுங்கின. பைக்குள் இருந்த ஜிகினாத் தாளைத் தமயந்தி வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"யாரைச் செஞ்சாலும் முதல்ல கையை ஒட்டுங்க. முகம் அப்புறம்."

முன்வரிசைப் பிள்ளை ஒன்று பயந்துபோய்க் கேட்டது:

"ரெண்டு கை போதுமா மிஸ்?"