சரியான மருந்தளவு

டெல்பர்ட் குளித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஓபலுக்கு அது போதும்.

கொட்டகைக்குப் போய் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தாள். நீலக் கோடு போட்ட மெத்தைத் துணித் துண்டுகளை எடுத்துவிட்டு, தான் வெட்டி வைத்திருந்த துண்டுகளை அதே இடத்தில் அடுக்கினாள். அதே நீலக் கோடுதான். ஆனால் பதினைந்து வருடம் துவைத்து நைந்துபோன தலையணை உறை.

டெல்பர்ட்டிடம் இருந்தது, குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, பட்டாணி அளவு ஈயக் குண்டைத் துணியில் சுற்றிக் கெட்டிக்கிற பழைய அணில் வேட்டைத் துப்பாக்கி. எவ்வளவு மருந்து, எந்தத் தடிமனில் துணி என்று சரியான அளவைக் கண்டுபிடிக்க, மூன்று வருடமாகத் தினமும் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கு முன் முப்பத்தொன்பது வருடம் அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் பூமிக்கடியில் இருந்தான். அவள் மேலே இருந்தாள். ஒரு குறையுமில்லாத குடித்தனம். ஓய்வு பெற்றதும் நாலு மாதம் அடுப்படியில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். சோள ரொட்டி மாவை எப்படிக் கிளறுவதென்று சொல்லிக் கொடுத்தான். கத்தியைக் கழுவியவுடன் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டும் பழக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. ஏன் பூட்டுகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அடுப்படியில் பக்கத்து வீட்டு ஆர்லி காத்திருந்தான். ஷெரீஃப் அலுவலகத்தில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

"இந்த மாதிரி துப்பாக்கி பொல்லாதது ஓபல். மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மருந்த ரெண்டு தடவ கொட்டிட்டான். முகமே போச்சு."

"அவன் பொண்டாட்டி?"

"அவளா? ஃபுளோரிடால தங்கச்சி வீட்டுல சீட்டாடிட்டிருக்கா. நான்தான் விசாரிச்சேன், ஒண்ணும் சிக்கல. ஆனா துப்பாக்கி புடிக்கிறவன் எவனா இருந்தாலும், சுட்டதும் கீழ விழுந்த துணியப் பொறுக்கிப் பாப்பான். என்ன தப்புன்னு துணியே சொல்லிடும்."

ஓபல் காபி ஊற்றினாள். கழற்றிப் போட்ட காலுறைக்கே இத்தனை வருடமாகக் குனியாதவன், எரிந்த துணிக்கா குனியப் போகிறான்?

டெல்பர்ட் தலையைத் துவட்டியபடி வந்தான். "காபி தண்ணியா இருக்கா ஆர்லி? ஒரு கரண்டி கூடப் போடுன்னா கேக்கவே மாட்டா."

"பொழுதாச்சு, கெளம்பு டெல்பர்ட்," என்றாள் ஓபல் கனிவாக.

ஓடைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. நான்காவதுக்குப் பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. கையில் கோப்பையோடு ஜன்னலோரம் நின்றாள்.

மதியம் கதவு திறந்தது. டெல்பர்ட் முழுசாக நின்றான்.

"இன்னிக்கும் சரியா வரல."

அப்பாடா என்றிருந்தது ஓபலுக்கு. "வரலையா? பாவம். விட்டுடாத, நாளைக்கும் போய்ப் பாரு."

அவன் தலையில் ஒரு முடி உதிரவும் அவள் நினைத்ததில்லை. நைந்த துணி கருகிக் கிழியும், குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் குறியைச் சுற்றி நாலா பக்கமும் போகும், அவ்வளவுதான். அளவு கிடைத்துவிட்டால் மறுநாளே அவன் அடுப்படிக்குத் திரும்பிவிடுவான். கிடைக்காதவரை அவள் மாவு அவள் இஷ்டம். பழைய உறைகள் இன்னும் ஏழு இருந்தன.

அவன் தூங்கப் போனதும், துவைப்பதற்காக மேல்சட்டைப் பையைக் காலி செய்தாள். காலையில் அவள் வைத்த தலையணைத் துண்டுகள் அத்தனையும், ஒன்றுகூடக் கருகாமல், ரப்பர் வளையம் போட்டு இருந்தன. கூடவே, அவனே தனியாக வெட்டி வைத்திருந்த புது மெத்தைத் துணித் துண்டுகள் கொஞ்சமும், அவனுடைய குறிப்பு நோட்டும். நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு குறி அட்டை, நடுவில் ஒரே ஓட்டை.

அட்டையின் ஓரத்தில், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி போட்டு, டெல்பர்ட்டின் கோணல் கையெழுத்து:

"இருபது கிரெயின் மருந்து, ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில். ஓபலுக்குத் தெரிந்தால் வீட்டில் உட்காரச் சொல்லிவிடுவாள்."