காதில் விழக்கூடாத வார்த்தை

“அவரு காதுல மட்டும் அந்த வார்த்தை விழவே கூடாது மேடம். மத்தபடி நீங்க இன்னா சொன்னாலும் கேக்குறேன்.”

சொல்லிவிட்டுத் தேசம்மா கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் பக்கிரி ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தார். மயிலாப்பூரில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட் ஆடி அசைந்துதான் வரும் என்றாலும், மிஞ்சிப்போனால் பத்து நிமிஷம். அதற்குள் பேசி முடித்தாக வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த நிஷாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புற்றுநோய்க்கான புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. அதில் சேரும் நோயாளிகளுக்கு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்குவது அவள் வேலை.

“யார் காதுல?” என்று கேட்டாள்.

“எங்க வூட்டுக்காரரு காதுலதான். வேற யாரு?”

நிஷா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறவள் தேசம்மா. வஞ்சிரத்துக்கு அடிமாட்டு விலை கேட்டு வந்த எத்தனையோ பெசன்ட் நகர் பெரிய மனிதர்களை வாயடைக்க வைத்தவள். இன்றைக்கு அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஒரு மாதமாகவே பக்கிரி சரியில்லை. கடலுக்குப் போவதில்லை. சோறு இறங்குவதில்லை. கேட்டால், ரத்தத்தில் ஏதோ சின்னக் கோளாறு, பொண்டாட்டி ரத்தம் சேருமா என்று பார்க்கச் சொல்கிறார்கள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கியபோதும் அவருக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகக் கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. மனசில் கவலை இருந்தால் உடம்பு இப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஆஸ்பத்திரி ஃபைலை மட்டும் பக்கிரி அவள் கண்ணில் காட்டவே இல்லை. அதுதான் உறுத்தியது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு தாளை உருவிக்கொண்டு, மீனுக்கு ஐஸ் விற்கும் ஜான்சனிடம் போனாள். அவருக்கும் சரி, அவளுக்கும் சரி, படிப்பு வாசனை கிடையாது. யாருடைய தாள் என்று தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயந்து, பேர் எழுதியிருந்த மேல்பக்கத்தை உள்ளே மடித்துத்தான் நீட்டினாள். ஜான்சன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது என்றார். அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

“அவரு அண்ணனுக்கு இப்பிடித்தான் மேடம், மூஞ்சிக்கு நேரா சொல்ட்டாங்க. அன்னிக்குப் படுத்தவரு ஒரு வாய் கஞ்சி குடிக்கல. இருபதே நாள், பூட்டாரு. நோவா கொன்னுச்சு? அந்த வார்த்தைதான் கொன்னுச்சு. இவரு அத்தப் பக்கத்துல இருந்து பாத்தவரு.”

நிஷா பொறுமையாக விளக்கினாள். இது ஆராய்ச்சி மாத்திரை. கேட்கலாம், கேட்காமலும் போகலாம், புதிதாக வேறு தொந்தரவுகூட வரலாம். என்ன நோய், என்ன மருந்து என்று நோயாளிக்குத் தெரியாமல் கைநாட்டு வாங்குவது ஏமாற்று வேலை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் விவரம் தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

தேசம்மா மடியில் இருந்த பையை எடுத்து மேஜைமேல் மெல்ல நகர்த்தினாள். காலையில் கரைக்கு வந்த வஞ்சிரம், துண்டு போட்டுக் கழுவியே கொண்டுவந்திருந்தாள். நிஷா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவள் பக்கமே தள்ளி வைத்தாள்.

ரத்தக் கோளாறுக்கு ஏதோ புது மாத்திரை தருகிறார்கள், அதற்கு ஆள் சேர்ப்பது இன்றோடு முடிகிறது என்று பக்கிரியே சொல்லியிருந்தார். இந்த இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று தேசம்மாவுக்குப் பயம் வந்தது.

“அப்போ ஒண்ணு பண்ணு கண்ணு. அவருக்குப் பதிலா நான் வெக்கிறேன் கைநாட்டு. யாரு கட்டவிரல்னு அந்த மாத்திரைக்குத் தெரியப்போவுதா?”

நிஷா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பித் தன் இடத்துக்குப் போகாமல், இன்னொரு நாற்காலியைத் தேசம்மாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தேசம்மாவுக்குப் பயம் கூடியது. இடம் இல்லை என்று சொல்லிவிடத்தான் போகிறாள் போலிருக்கிறது.

“ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க உடம்புக்கு ஏதாவதுன்னா, உங்ககிட்ட சொல்லணுமா, மறைக்கணுமா?”

“எனக்கின்னா யோசன? நேரா சொல்லிடணும். என் உடம்பப் பத்தி என்னாண்டயே மறைக்க யாருக்கு இன்னா உரிமை கீது? நான் தாங்குவேன் கண்ணு. அவருதான் தாங்க மாட்டாரு.”

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. பக்கிரியின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. நிஷா தேசம்மாவின் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து உங்க வீட்டுக்காரர் இங்க வந்து அழுதாரும்மா. ‘என் பொண்டாட்டி தாங்க மாட்டா, அவளுக்குப் பதிலா நானே கைநாட்டு வெச்சுடறேன்’னு.”