தவளைப் பச்சை

படகுத்துறைக் காவலாளி கைக்குட்டையைப் பிரித்து, அந்த மரமீனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். வயிற்றுக் கொக்கியில் ஏரிப்பாசி சுற்றியிருந்தது.

"சார் இல்லீங்களாக்கா? அவர் பாத்தா இது யாரோடதுன்னு ஒரே நிமிஷத்துல சொல்லிடுவாரு."

"பழைய சாமான் சந்தைக்குப் போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார்."

அவள் குரல் சரியாகத்தான் வந்தது.

ஏரி நடுவே ஒரு படகு கவிழ்ந்து கிடந்ததாம். விடிவதற்கு முன், காவலாளி வேலைக்கு வருவதற்குள், யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆள் யாரென்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள். படகுக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தது இது மட்டும்தான்.

தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டுகிற பொய் மீன். அந்தக் காலத்தில் மரத்தைச் செதுக்கி, கையால் நிறம் பூசியது. ஊரில் இதைச் சேர்க்கிற பைத்தியம் ஒருவர்தான். 'மரமீன்காரர்' என்று எழுதிப் போட்டால் தபால்கூட வந்து சேரும்.

அந்தப் பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்டதில் அவளுக்கும் பாதி பிடித்திருந்தது.

கல்யாணமான புதிதில், "பச்சையில என்னங்க இத்தனை பச்சை?" என்று கேலி செய்தவள்தான். இப்போது இலைப் பச்சை, பாசிப் பச்சை, தவளைப் பச்சை மூன்றையும் எட்ட நின்றே சொல்லிவிடுவாள். ஒரே பட்டறை, ஒரே மீன், மூன்று பச்சை. அதில் தவளைப் பச்சையைக் கொஞ்ச நாள்தான் பூசினார்களாம். அது ஒன்று கிடைப்பதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

மின்விளக்கை நம்பக் கூடாது என்பார். மீனைக் கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

கருத்துத் தெரிந்தது. பாசிப் பச்சை மாதிரி.

பாசிப் பச்சையாகவே இருந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அழுத்தித் துடைத்தாள். துணியில் நிறம் இறங்கவில்லை. அந்தக் காலத்துப் பூச்சு கல்லாக இறுகியிருக்கும். ஒட்டினால் அது நேற்று அடித்தது. எத்தனையோ சந்தைக்காரர்களை அவர் அப்படித்தான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்.

ஆனால் வெயிலும் தண்ணீரும் மேல்நிறத்தை மாற்றிவிடும். கொக்கியைப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டுக்கு அடியில் இருப்பதுதான் பிறந்த நிறம். கத்தி முனையை வைத்துத் திருகாணியைத் தளர்த்தினாள். முனை வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"நான் கழட்டட்டுமாக்கா?"

"வேணாம்."

தகடு நகர்ந்தது.

அடியில், நேற்றுப் பூசியதுபோல் பளிச்சென்று, தவளைப் பச்சை.

அவர் ஏரிப்பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துடுப்புப் போடுகிற நெஞ்சு இல்லை இது என்றார். அவரும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, ஒருமுறை சந்தை என்று பொய் சொல்லிவிட்டு ஏரிக்குப் போய்விட்டார். பின்னறையில் மீன்களை அடுக்கிவைக்கும் இழுப்பறையில் தவளைப் பச்சையின் குழி காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தாள். அதைத் தூண்டிலில் கட்ட மாட்டார். சட்டைப் பையில் வைத்துச் சும்மா கூட்டிக்கொண்டு போவார்.

"வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதுக்குத் தண்ணிய காட்ட வேணாமா?"

"நீங்க தண்ணி காட்டுனது அதுக்கில்ல, எனக்கு."

நேற்றும் அதே பேச்சு, அதே சண்டை. மாலையெல்லாம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இருங்க, இதோ வந்துடறேன்," என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் உண்மையாகிவிடும்.

இழுப்பறை பாதியில் சிக்கியது. எப்போதும் சிக்கும். இன்று உதைத்தாள்.

பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, துணி விரித்த குழிகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. மூலைக் குழி.

கையில் மீன் தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தாள்.

தன் இடத்தில், தன் பச்சையில், முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு படுத்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டாள். சந்தையில்தான் இருக்கிறார். எந்தக் கடைக்காரனின் உயிரையோ வாங்கிக்கொண்டிருக்கிறார். செல்போனில் சார்ஜ் இருக்காது. என்றைக்கு இருந்தது? நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மீனைப் பழையபடி படுக்க வைத்தாள்.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. வடிகட்டி எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள்.

"அவரோடது உள்ள பத்திரமா இருக்குங்க. உலகத்துலயே என்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு பீத்திக்கிட்டுத் திரிவாரு. இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சா சோறு இறங்காது மனுஷனுக்கு."

காவலாளிக்கும் சிரிப்பு வந்தது. "அப்போ வெளியூர் ஆளாத்தான் இருக்கும். போய்ச் சொல்லிடறேன்க்கா."

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

நின்றபடியே கோப்பையை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"வீட்ல பெயிண்ட் வேலை நடக்குதாக்கா?"

வெள்ளைக் கோப்பையின் பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அவள் கையைத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்க இருந்தது.

கை தானாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நீண்டது. பழக்கம்.

இலைப் பச்சை இல்லை.

பாசிப் பச்சையும் இல்லை.