சத்தம் போடாத டயர்

"புது டயர் பெரியவரே! ஒரு வாரம்கூட ஓடல. இதையா கழட்டச் சொல்றீங்க?"

ராய்ஸ் குனிந்து தடவிப் பார்த்தான். அந்த ஒரு டன் பிக்கப் வண்டியின் நாலு சக்கரத்திலும் பத்து அடுக்கு ரப்பர் கொண்ட நெடுஞ்சாலை டயர்கள். ரப்பர் முள்கூட இன்னும் உதிரவில்லை.

"கழட்டிடு தம்பி. சத்தமே போட மாட்டேங்குது," என்றார் ஆர்வில்.

மைல்ஸ் சிட்டியில் இருபத்திரண்டு வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறான் ராய்ஸ். சத்தம் போடுகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சத்தம் போடவில்லை என்று அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

"இந்த வயசுல சத்தம் போட்டுக்கிட்டுப் போய் யாரை மயக்கப் போறீங்க?"

ஆர்வில் சிரிக்கவில்லை. "வண்டி என் பையன் ட்ரேவிஸோடது. பெரிய பெரிய ரப்பர் கட்டை வச்ச சேத்து டயர்தான் போட்டிருந்தான், ரோட்ல ஊருக்கே கேக்கும். போன வாரம் ரெண்டு வெடிச்சிருச்சு. எங்க ஊர்ல நாலையும் கழட்டிட்டு இதை மாட்டி விட்டாங்க."

"நல்லதுதானே பண்ணியிருக்காங்க? சேத்து டயர் டீசலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும். இன்னும் மூணு வாரத்துல பனி கொட்டப் போகுது. ஐஸ்ல அது காலை வாரிவிடும். உங்க பையன்கிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"இது பையனுக்காக இல்ல தம்பி. என் சம்சாரம் லோர்னாவுக்காக."

ராய்ஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எங்க பக்கம் ஆளைப் பாத்து யாரு கண்டுபிடிக்கிறா? வண்டி வர்ற சத்தத்துலயே இன்னார்னு சொல்லிடுவோம். அவன் வண்டி தார் ரோட்டு வளைவுல திரும்பும்போதே சமையல்கட்டுல இவளுக்குக் கேட்டுடும். அவன் நேரா மாட்டுக் கொட்டிலுக்குத்தான் போவான். இவ அவன் தட்டுல எடுத்து வச்சு மூடிட்டு, அப்புறம்தான் சாப்பிட உக்காருவா. இந்த டயர் மாட்டி நாலு நாளாச்சு. சத்தம் கேக்கல, ஜன்னலை விட்டு நகர மாட்டேங்குறா. நாலு நாளா ஒரு வாய் உருப்படியா இறங்கல."

ராய்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உள்ள வந்து 'அம்மா, வந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னா உங்க மகன் வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"சொல்ல மாட்டான்," என்றார் ஆர்வில், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே.

வெடித்த பழைய டயர் ஒன்றைப் பிக்கப்பின் பின்னால் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ராய்ஸ் அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது வர்றதே நின்னு போச்சு. கிட்டத்தட்ட இதே மாதிரி ரெண்டு வகை இருக்கு. எது வேணும்?"

"எதுன்னு எனக்கென்ன தெரியும்? ஓட்டிக் காட்டு, கேட்டுட்டுச் சொல்றேன்."

புடவை எடுக்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல டயருக்கும் மாதிரி காட்ட வேண்டியதாயிற்று. ராய்ஸின் சொந்த பிக்கப்பில் ஒரு வகை இருந்தது, கடையின் இழுவை வண்டியில் இன்னொன்று. ஆர்வில் கடைக்குப் பின்னாலிருந்த தார் ரோட்டில் கால் மைல் நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

ராய்ஸ் முதலில் தன் வண்டியை நாற்பது மைல் வேகத்தில் விட்டான்.

"இது இல்ல. ரொம்பக் கீச்சுக் குரல். அவனோடது கொஞ்சம் கட்டையா இருக்கும்."

"டயரு பாட்டா பாடுது பெரியவரே, குரல் பாத்து எடுக்க?"

முணுமுணுத்துக்கொண்டே போய் இழுவை வண்டியை எடுத்துவந்தான். கிட்டே போய் நிறுத்தியபோது ஆர்வில் தொப்பியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"இதுதான். இதையே மாட்டு."

நாலு டயரையும் ராய்ஸே மாட்டினான். இப்படி ஒரு அப்பனும் அம்மாவும் வாய்த்த ட்ரேவிஸை அவன் மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான். கடைசி நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"நூறு மைல் ஓடினதும் நட்டை மறுபடி இறுக்கணும். ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்?"

"நாலு மைல். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்லருந்து ரெண்டு மைல் போய், திரும்பி வரணும்."

"அவ்வளவுதானா? குதிரை ஏத்துற டிரெய்லரையே இழுக்கிற வண்டிய வச்சுக்கிட்டு நாலு மைலா ஓட்டுறான் உங்க மகன்?"

ஆர்வில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். இன்றைக்காவது அவள் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு முகத்திலேயே தெரிந்தது. ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அடுத்த தடவை அவனையே அனுப்புங்க. பெத்தவளைப் பட்டினி போடுறவன்கிட்ட நான் நாலு கேள்வி கேக்கணும்."

ஆர்வில் சாவியைத் திருப்பினார்.

"அவனை அடக்கம் பண்ணி ஏழு மாசமாச்சு தம்பி. சாயங்காலம் ஓட்டுறது நான்தான். அவளுக்குத்தான் அது தினமும் மறந்துபோகுது."