பாட்டிலும் மூடியும்

ஒசாகா ஓட்டல் மாடியில் தொழிலதிபர் கூட்டம். இருவர் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் ஒருவருக்கொருவர் விசிட்டிங் கார்டை நீட்டினார்கள். பேருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்' போட்டுப் பேசினார்கள்.

"சோயா சாஸ் பாட்டில் செய்றீங்களா, குரோசு சான்? நான் அதுக்கு மூடி செய்றேன்!"

"அடடா, இனாகாகி சான்! இத்தனை வருஷமா எங்க ஒளிஞ்சிருந்தீங்க?"

"நானா ஒளியிற ஆளு? அங்க பாருங்க, சில பேர் ஊமைக்கோட்டான் மாதிரி சுவரோரமா நிக்கிறானுங்க. இவனுங்கல்லாம் என்னத்தத் தொழில் பண்றானுங்களோ!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவருக்கொருவர் பீர் ஊற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் இனாகாகியின் மூடி ஃபாக்டரியைக் குரோசு வந்து பார்ப்பதாகப் பேசி முடித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் இருவரும் கீழே காபி கடைக்குள் நுழைந்தார்கள். அங்கே அடுத்தடுத்த மேஜையில் வேறு இரண்டு ஊமைக்கோட்டான்கள், சாயங்காலம் முழுக்க மாடிக்கே வராமல், நிமிர்ந்தும் பாராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் ஆளுக்கொரு மேஜையில் போய்க் குனிந்தார்கள்.

"குரோசு சான், நீங்களாவே நடிச்சு நல்லாப் பேசிட்டேன். இந்தாங்க, மூடிக்காரர் கார்டு."

"இனாகாகி சான், பாட்டில்காரரை உங்களுக்காக வளைச்சுப் போட்டாச்சு!"

நிஜக் குரோசுவும் நிஜ இனாகாகியும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கண்ணும் கண்ணும் சந்தித்தன. சட்டென்று இருவரும் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"ஃபாக்டரிக்கும் நீங்களே போயிடுங்க" என்று, கூச்சத்தால் தனக்குப் பதிலாகப் பேச அமர்த்தியிருந்த வாடகை ஆளிடம் கிசுகிசுத்தார் குரோசு.

இனாகாகியும் தன் ஆளின் காதைத் தேடினார். "அவர் வர்ற அன்னிக்கு என் நாற்காலியில நீங்களே உக்காந்துக்குங்க."