போர்டுக்கு மேலே போன பட்டை

ஜீப்பிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் மதுரம் டீச்சருக்குப் படபடத்தது. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். பட்டை வரைபடம் நடத்தப்போறேன். பசங்களா, அவங்கவங்க வீட்டுக்கு எத்தனை மா நிலம்னு போர்டுல வரையுங்க. மூணு மா ஒரு ஏக்கர். ஒரு மாவுக்கு ஒரு கட்டம்."

ஐயாவு ஒரு கட்டம் போட்டான். செவ்வந்தி நிறுத்தாமல் வரைந்துகொண்டே போனாள். எட்டாமல் ஸ்டூல்மேல் ஏறினாள். பட்டை போர்டின் உச்சியைத் தொட்டது.

"இன்னும் இருக்கு டீச்சர். இடந்தான் இல்ல."

வகுப்பே சிரித்தது. மதுரத்துக்கு மானம் போனது.

"என்னடி இது? உங்கப்பன் எங்க பண்ணையில ஏர் ஓட்டுறவன். உங்களுக்கு ஏது இவ்வளவு நிலம்?"

"நெசந்தான் டீச்சர். உங்க வீட்டு ஐயாதான் அப்பா பேருக்கு எழுதி வச்சிருக்காங்க. ஆபீசருங்க வந்து கேட்டா எங்க நிலம்னு சொல்லணுமாம். உங்க பண்ணையில மாடு மேய்க்கிற ரெத்தினம் மாமா பேர்லயும் இருக்கு. அதையும் வரையவா?"

மதுரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணவர் அவளிடம்கூடச் சொல்லாத விஷயம். சட்டென்று வந்தவர் பக்கம் திரும்பினாள்.

"சின்னப் புள்ள, ஏதோ உளறுது சார். நீங்க பள்ளிக்கூடத்தப் பத்தி நல்லபடியா எழுதுங்க."

அவர் எழுந்தார்.

"அத நான் எழுத முடியாதும்மா. நான் நில உச்சவரம்பு தாசில்தார். உங்க வீட்டுக்காரர் வீட்டுல இல்ல. எங்கேன்னு உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன்."

மதுரம் டஸ்டரைத் தேடினாள். செவ்வந்தி அதற்குள் ரெத்தினம் மாமாவின் பட்டையை ஆரம்பித்திருந்தாள்.