நாலு மணி டூட்டி

கொல்லைப்புறக் குழாயடியில் குந்தி, அவள் கணவனின் போலீஸ் சட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். கை மடிப்பில் ரத்தக்கறை. வெள்ளையாகப் பொங்கும் சோப்பு நுரை இளஞ்சிவப்பாகி வடிகிறது. தள்ளிக்கொண்டே போகும் தேர்தலை நடத்தச் சொல்லி நேற்று நடுச்சாலையில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. உட்கார்ந்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன். இப்போது தலையில் கட்டோடு பின்வாசல் படியில் இருக்கிறான். ஒரு கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. கணவன் பக்கத்தில் அமர்ந்து அவனுக்குத் தேநீர் ஆற்றுகிறான். தம்பி ஒற்றைக் கண்ணோடு தடவி வாங்கும்போது தம்ளருக்கு அடியில் தன் கையைக் கொடுக்கிறான்.

“எல்லாரும் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தீங்க. மச்சான்னு தெரிஞ்சிருந்தா கை ஓங்குவேனா?”

“தெரியாதவன்னா அடிக்கலாமா அத்தான்?”

“மேல இருந்து உத்தரவு. நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டுக் கணவன் தேநீரின் ஆடையை விரலால் எடுத்துச் சுண்டுகிறான்.

அவள் ஈரக்கையோடு திரும்புகிறாள். “இது உன் ரத்தமாடா?”

“தெரியலக்கா. பக்கத்துல இருந்தவனோடதா இருக்கும். அவன் இன்னும் கண்ணு முழிக்கல.”

அவள் குழாயை மூடுகிறாள். கணவன் சட்டையைப் பார்க்கிறான்.

“நாலு மணிக்கு அதே ரோட்டுல டூட்டி. அதுக்குள்ள காஞ்சிடுமா?”

“நானும் அங்கதான் வரேன் அத்தான்,” என்கிறான் தம்பி.

அவள் சட்டையை முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போடுகிறாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

“காஞ்சிடும்,” என்கிறாள், இருவர் முகத்தையும் பாராமல்.